கட் சொன்ன பிறகு

கம்பெனி பஸ்ஸின் புது நேரத்தை வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார்கள். சத்யப்ரியா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்; படம் திறக்கவில்லை. ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று போன் திரும்பத் திரும்பச் சொன்னது. புதன்கிழமை காலை பத்தரை மணி. அவளுக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். குழம்பு வைத்து, துணி காயப்போட்டாகிவிட்டது. பழைய நேரப்படி பஸ் ஒரு மணிக்குத்தான். வேண்டாததை அழிக்கலாம் என்று கட்டிலில் உட்கார்ந்தாள்.

போனை நிறைத்து வைத்திருந்தவன் பூபதி. அவளுடைய ஒரே மகன். பிளஸ் ஒன் படிக்கிறான். அவன் பள்ளியில் ஒரு குறும்படம் எடுத்திருந்தார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரி நடத்தும் போட்டிக்காக. பள்ளிக்கூடங்களில் நடக்கும் அடிதடியைப் பற்றித்தான் படம் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழாசிரியர் குருமூர்த்தி பொறுப்பெடுத்துக்கொண்டார். பையன்களை உட்காரவைத்து, எந்தெந்த நாட்டிலோ எடுத்த பள்ளிக்கூடச் சண்டைப் படங்களையெல்லாம் போட்டுக் காட்டினார். சாப்பிடும்போது பூபதி அந்தக் கதைகளை அம்மாவுக்குச் சொல்வான். "ம்மா, அதுல அடிக்கிறவனும் பாவம்தாம்மா. அவனுக்கு வீட்ல பேச ஆளே இல்ல." அதைக் கேட்கும்போது சத்யப்ரியாவுக்கு எங்கோ குத்தும். அவளும் கணவன் பெரியதம்பியும் ஆளுக்கொரு ஷிப்ட். மணப்பாறையிலிருந்து ஓசூருக்கு வந்த இந்தப் பதினான்கு வருஷத்தில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் குறைவு.

போன வருஷம் பத்தாவதில் பூபதி ஒரு பையனின் முகத்தில் குத்திவிட்டான். பல் ஆடிப்போனது. ஒரு வாரம் பள்ளிக்கு வரக் கூடாது என்றார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பிரின்சிபால் அறையில் நின்று கடிதம் எழுதிக்கொடுத்தார்கள். அதிலிருந்து பள்ளியின் நம்பர் போனில் வந்தாலே தனியாகப் போய் நின்றுதான் எடுப்பாள். அப்படிப்பட்ட பூபதியைத்தான் குருமூர்த்தி படத்தில் அடிக்கிறவனாகப் போட்டார். "கெட்டவனா நடிச்சுப் பாக்கட்டும்மா. எதிராளிக்கு எப்படி வலிக்கும்னு அப்பதான் புரியும்" என்று அவளிடம் சொன்னார். அடிபடுகிறவனாக நடித்தவன் மாதேஷ். உத்தனப்பள்ளிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிற, அதிகம் பேசாத பையன்.

படம் எடுக்க அவளுடைய புதுப் போன்தான் தோதாக இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கொடுத்தாள். அந்த நாட்களில் பூபதி வேறு பையனாக இருந்தான். சீக்கிரம் எழுந்தான், குளித்தான், 'ஷாட்' என்றான், 'லைட்' என்றான். முடிந்த படத்தை டிவியில் போட்டுக் காட்டியபோது அவள் அழுதுவிட்டாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அவன் மாதேஷை ஓங்கி அறைய, அவன் காதைப் பொத்திக்கொண்டு விழுகிற இடம். "நெசமா அடிச்ச மாதிரியே இருக்கேடா" என்றாள். "அதாம்மா நடிப்பு" என்று சிரித்தான். படம் கடைசிச் சுற்றுக்குத் தேர்வாகிவிட்டது. சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் திரையிடுகிறார்கள். கம்பெனி பஸ்ஸில் அவள் சொல்லாத ஆள் இல்லை.

"எல்லாத்தையும் லேப்டாப்ல ஏத்திட்டோம், நீ அழிச்சுக்கோ. பாக்காத, ஒரே சீன்தான் நூறு வாட்டி இருக்கும்" என்று பூபதி போன வாரமே சொல்லியிருந்தான். அவள்தான் அழிக்காமல் விட்டிருந்தாள். மகன் முகம் இருப்பதை அழிக்க அவளுக்குக் கை வராது.

இப்போதும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் அழித்தாள். முதல் ஞாயிறு எடுத்தவற்றில் குருமூர்த்தியின் குரல் கேட்டது. "கட். பூபதி, கை அவன் மேல படவே கூடாது. மாதேஷ், நீ தலையத் திருப்பு, அவ்வளவுதான்." பையன்கள் சிரித்தார்கள். இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். மூன்றாம் ஞாயிறு எடுத்தவற்றில் சாரின் குரல் இல்லை. போனைப் பிடித்திருந்தவன் ஹரீஷ்குமார் என்று குரலிலேயே தெரிந்தது. பூபதியின் கூட்டாளி, வீட்டுக்கு வருகிற பையன்.

தண்ணீர்த் தொட்டி. பூபதி அடித்தான். இந்தத் தடவை சத்தம் கேட்டது. "கட், கட். செம மச்சான்" என்றான் ஹரீஷ்குமார். போன் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. பூபதி இன்னொன்று அடித்தான்.

"கட் சொல்லிட்டாங்கடா" என்றான் மாதேஷ்.

"உனக்குக் கட் கெடையாதுடா."

யாரோ சிரித்தார்கள். சத்யப்ரியா அடுத்ததைத் திறந்தாள். அதிலும் அதேதான். அதற்கடுத்ததிலும். ஒன்பது தடவை எடுத்திருந்தார்கள். ஐந்தாவதில் மாதேஷின் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. ஏழாவதில் அவன் அழுதான். அப்போது ஹரீஷ்குமார், "இதான்டா வேணும், இப்பிடியே இரு, இப்பிடியே இரு" என்று கிட்டே போனான். எட்டாவதில்தான் அந்த அறை. டிவியில் பார்த்து அவள் அழுத அதே அறை. ஒன்பதாவதில் பூபதி குனிந்து, தரையில் உட்கார்ந்திருந்தவனின் தலைமுடியைப் பிடித்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அவள் ஒலியைக் கூட்டி இரண்டு முறை கேட்டாள். "யார்கிட்ட வேணா சொல்லு. நடிப்புன்னு சொல்லிருவோம்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. எழுந்து போய் அதை இறுக்கி மூடினாள். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் சமையலறையிலேயே நின்றாள். அந்தக் குரல் அவள் வீட்டுக் குரல்தான். 'ம்மா, தோசை' என்கிற குரல்தான்.

பெரியதம்பி வார்ப்படக் கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன். சாப்பாட்டு நேரத்தில்தான் போனை எடுப்பான். பன்னிரண்டரைக்கு அவனே கூப்பிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அழிச்சுரு" என்றான்.

"என்னங்க சொல்றீங்க?"

"அழிச்சுருன்றேன். பசங்க விளையாட்டு. அந்தப் பையனே ஒண்ணும் சொல்லல, நீ எதுக்கு இழுக்கற? போன வருசமே கைநாட்டு வைக்காத குறையா எழுதிக் குடுத்திருக்கோம். இதையும் பாத்தாங்கன்னா டீசி. போலீசு கீலீசுன்னு போனா அவன் வாழ்க்கையே போச்சு. சத்யா, கேக்குதா? அழிச்சுட்டு வேலைக்குப் போ."

அவள் அழிக்கவில்லை. அழிக்காமல் இருக்கவும் தைரியம் இல்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். உள்ளே தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பில், லென்ஸுக்குக் கீழே வருகிற சின்னஞ்சிறு சர்க்யூட் பலகைகளைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பது அவள் வேலை. அன்றைக்கு மூன்று கெட்டதை நல்லது என்று தள்ளிவிட்டாள். லைன் லீடர் ரேவதி வந்து, "என்னக்கா, உடம்பு சரியில்லயா? கண்ணு எங்க இருக்கு?" என்றாள். "தலவலி" என்றாள். யாராவது லாக்கரைத் திறந்து பார்த்துவிட்டால்? எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருப்பது ஹரீஷ்குமாரின் லேப்டாப்பில்தானே, அவன் யாருக்காவது அனுப்பிவிட்டால்? மாதேஷ் ஏதாவது செய்துகொண்டால்? அந்த நினைப்பு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. டிவியில் பார்த்த செய்திகள், பள்ளிக்கூடப் பையில் அரிவாள் எடுத்துப்போன பிள்ளைகள், தூக்கு மாட்டிக்கொண்ட பிள்ளைகள், எல்லாம் வந்து போயின. இத்தனை நாள் அந்தச் செய்திகளில் அடிபட்ட பிள்ளையின் அம்மாவாகத்தான் தன்னை நினைத்துப் பயந்திருக்கிறாள். இன்னொரு அம்மாவும் இருப்பாள் என்று தோன்றியதே இல்லை.

மறுநாள் காலை பூபதிக்கு இட்லி வைத்துக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். "மாதேஷ் எப்படி இருக்கான்? சனிக்கிழமைக்கு வருவான்ல?"

"லீவும்மா. திங்கள்லேர்ந்து வரல. காய்ச்சலாம்."

"போய்ப் பாத்தீங்களா?"

"எதுக்கு? வந்துருவான்." சட்னியை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான். அவன் கண் அலையவில்லை, கை நடுங்கவில்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. ஷூ மாட்டிக்கொண்டு, "வரேம்மா" என்று போய்விட்டான்.

அவள் கம்பெனிக்கு லீவு சொன்னாள். ராயக்கோட்டை போகிற பஸ்ஸில் ஏறி உத்தனப்பள்ளியில் இறங்கி, ஆட்டோவில் மாதேஷின் ஊருக்குப் போனாள். வழி முழுக்கத் தக்காளித் தோட்டமும், வெள்ளைப் பிளாஸ்டிக் போர்த்திய ரோஜாக் குடில்களும். போய் என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. பையன் உயிரோடு, நடமாட்டமாக இருப்பதைப் பார்த்தால் போதும், அப்படியே திரும்பிவிடலாம். அவ்வளவுதான் நினைத்திருந்தாள்.

மாதேஷின் அம்மா முனிரத்னம்மா வாசலில் பீன்ஸ் பிரித்துக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அய்யோ, பூபதி அம்மாவா? உள்ள வாங்கக்கா, குந்துங்க. இவ்ளோ தூரம் எங்க பையனப் பாக்க வந்தீங்களா?" நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். காபி கொண்டுவந்தாள். "சினிமாவுல நடிக்கிறேன்னு சொன்னப்ப நான் நம்பல. எங்க ஊட்ல எவனும் மேடை ஏறினதில்ல. உங்க பையன்தான் ரொம்ப ஃப்ரெண்டுன்னான்."

மாதேஷ் உள்ளே பாயில் படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். அவள் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்தான்.

"ஒடம்பெல்லாம் காயம்க்கா, பாருங்க" என்று முனிரத்னம்மா அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். முதுகில் மஞ்சளாகிக்கொண்டிருந்த இரண்டு தடங்கள். "சினிமான்னா அடிபடத்தான செய்யும்ன்றான். தொட்டில இடிச்சிக்கினானாம். டிவில வர்றவங்களுக்கும் இப்பிடித்தான் ஆவுமாம்." அவள் குரலில் பெருமை இருந்தது. "இந்தக் காதுதான் விட மாட்டேங்குது. உள்ள என்னவோ இரையுதுன்றான். காய்ச்சல் வேற. பூண்டு தட்டிப் போட்டு எண்ண காச்சியிருக்கறேன். நேத்தும் ரெண்டு சொட்டு விட்டேன்." அடுப்பிலிருந்து கரண்டியை எடுத்து வந்தாள். மகனின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

சத்யப்ரியா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எட்டாவது வீடியோ கண்ணில் ஓடியது. கம்பெனியில் முதலுதவிப் பயிற்சி கொடுத்த டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. காதில் அடிபட்டால் உள்ளே எதையும் விடக் கூடாது. சவ்வு கிழிந்திருந்தால் எண்ணெய் உள்ளே போய்விடும்.

கரண்டி காதுக்கு மேலே வந்துவிட்டது.

"விடாதீங்க!" என்று கத்திவிட்டாள். டம்ளரிலிருந்து காபி சேலையில் கொட்டியது.

முனிரத்னம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "ஏன்க்கா?"

"காது கிழிஞ்சிருக்கும். அடிச்சதுல."

"இடிச்சிக்கினதுக்கா?"

"இடிச்சுக்கல. என் பையன் அடிச்சான்."

"அதான், நடிக்கறப்ப..."

"நடிப்பில்லங்க" என்றாள் சத்யப்ரியா. "நெசமாவே அடிச்சிருக்கான். கட் சொன்ன பெறகும் அடிச்சிருக்கான். திரும்பத் திரும்ப. எனக்கு நேத்துதான் தெரியும்."

"இல்லம்மா" என்றான் மாதேஷ் வேகமாக. "நடிப்புதான். ஆன்ட்டிக்குத் தெரியாது. நடிப்புதான்." அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. ஒரு நிமிஷம் அவளுக்கு, சரி, அவனே சொல்கிறானே என்று தோன்றிவிட்டது. போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு, காதுக்கு மட்டும் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போனால் பூபதி தப்பித்துவிடுவான்.

அவள் போனை எடுத்து அந்த ஒன்பதாவது வீடியோவைத் திறந்து முனிரத்னம்மாவிடம் கொடுத்தாள்.

முனிரத்னம்மா முழுவதும் பார்க்கவில்லை. பாதியில் போனைத் தரையில் வைத்துவிட்டு, மகனை இழுத்து முகத்தைப் பார்த்தாள். "ஏன்டா சொல்லல?" என்றாள். அவன் தோள் மட்டும் குலுங்கியது. அவள் கொல்லைப்பக்கம் போய்ப் புருஷனைக் கூப்பிட்ட குரல் தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும்.

நாராயணப்பன் சேற்றுக் காலோடு வந்தார். இருவரும் தெலுங்கில் பேசினார்கள். சத்யப்ரியாவுக்கு அது அரைகுறையாகத்தான் புரியும். பூபதியின் பெயர் இரண்டு முறை வந்தது. அவர் வீடியோவை முழுதாகப் பார்த்தார். அவள் வாசலில், வெயிலில் நின்றாள். உட்காரச் சொல்ல யாரும் இல்லை. அடிப்பாரோ, ஊரைக் கூட்டுவாரோ, இந்த இடத்திலிருந்தே போலீஸுக்குப் போன் செய்வாரோ. ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. போன் அவர் கையில் இருந்தது.

அவர் வெளியே வந்தார். "ஏம்மா, இது உன்கிட்டதான் இருந்துச்சா?"

"ஆமாங்க."

"அழிச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அவர் நீட்டிய போனை அவள் வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல டாக்டருக்கிட்டப் போலாம்" என்றார். "மத்ததப் பொறவு பேசிக்கலாம். நீயும் வா."

ஓசூரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள். மாதேஷை நடுவில் வைத்து நாராயணப்பனும் முனிரத்னம்மாவும் வண்டியில் போக, அவள் பஸ்ஸில் பின்னால் போனாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனாலும் அறைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, சவ்வில் ஓட்டை இருக்கிறது, சீழ் பிடித்திருக்கிறது என்றார். மருந்தில் ஆறலாம், ஆறு வாரம் தண்ணீர் படக் கூடாது, ஆறாவிட்டால் ஆபரேஷன். "எப்படி ஆச்சு தம்பி?" என்று கேட்டார்.

கூட வந்த மூன்று பெரியவர்களும் அவனைப் பார்த்தார்கள். மாதேஷ் தன் முழங்காலைப் பார்த்தான்.

"அடிச்சாங்க சார்" என்றான்.

"யாரு?"

"கூடப் படிக்கறவன்." கொஞ்சம் பொறுத்து, "ஜூன் மாசத்துலேர்ந்தே அடிக்கறான். படத்துல மட்டும் இல்ல" என்றான்.

சத்யப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டாள். படம் எடுக்க ஆரம்பித்தது ஆகஸ்டில்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூபதி வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டான். நடந்ததைச் சொன்னாள். முதலில் சிரித்தான். பிறகு அவள் மாதேஷின் வீடு, காது, டாக்டர் என்று சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறியது.

"வீடியோவக் காட்டினியா? நீயேவா?"

"நான்தான்."

"சனிக்கிழம ஃபைனல்ம்மா!" என்று கத்தினான். "எதுக்கும்மா போன? பாக்காதன்னுதான சொன்னேன்? நீயே என்னக் காட்டிக் குடுத்துட்டியேம்மா."

"அவன ஏன்டா அடிச்ச?"

அவன் புத்தகப் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினான். "அவன் திருப்பி அடிக்க மாட்டான்" என்றான் கடைசியில். "அதான். வேற ஒண்ணும் இல்ல. படத்துல மொதல்ல நான் நடிக்கத்தான் செஞ்சேன். யாரும் ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு நெசமா அடிச்சப்ப, ஹரீஷ் சூப்பர்ன்னான். அந்த ஷாட்டப் பாத்துட்டு சார் என்னக் கட்டிப்பிடிச்சாரு. நீயும் பாத்து அழுதியே. எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொன்னீங்க." அவன் அழ ஆரம்பித்தான். அவளால் அவனைத் தொடவும் முடியவில்லை, தொடாமல் இருக்கவும் முடியவில்லை. அது பயத்தில் வந்த அழுகையா, மாதேஷுக்காக வந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியாத வீட்டுப் பையனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியதம்பி வந்ததும் மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம்தான் கேட்டான். "பெத்தவ செய்யற வேலையா இது?" தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

வெள்ளிக்கிழமை பிரின்சிபால் அறையில் எல்லாரும் கூடினார்கள். ஹரீஷ்குமாரின் அப்பாவும் வந்திருந்தார். தன் மகன் போனைத்தான் பிடித்தான், கையை நீட்டவில்லை என்று மூன்று முறை சொன்னார். பிரின்சிபால் நாளைக்கு நடக்கிற விழாவைப் பற்றிக் கவலைப்பட்டார். படம் முடிந்து வரட்டும், திங்கட்கிழமை நிதானமாக விசாரிக்கலாம், பள்ளிக்கும் நல்ல பேர் என்றார்.

குருமூர்த்தி போனில் எட்டாவது வீடியோவைப் பார்த்திருந்தார். அந்த அறைதான் படத்தின் உயிர் என்று அவரே மேடையில் பேச எழுதி வைத்திருந்தாராம். "அந்த ஞாயித்துக்கெழம நான் இருந்திருக்கணும்" என்றார். "மச்சினன் வீட்டு விசேஷம்னு போயிட்டேன். பாக்கறவனுக்கு வலிக்கணும்டான்னு நான்தான் இவங்ககிட்ட சொல்லிட்டுப் போனேன்." எழுந்து நின்று கல்லூரிக்குப் போன் போட்டார். எல்லார் முன்னாலும், படத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று சொன்னார். காரணம் கேட்டிருப்பார்கள் போல. "அது நடிப்பு இல்லைங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார். பிரின்சிபாலின் முகம் சுருங்கியது.

நாராயணப்பன் அப்போதுதான் பேசினார். "போலீஸ்ல குடுக்கறதா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. என் பையன் காது எப்பிடி ஆவுதுன்னு பாத்துட்டு சொல்றேன்."

அந்த ஆறு வாரத்தைச் சத்யப்ரியா எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பூபதியையும் ஹரீஷ்குமாரையும் பள்ளி நிறுத்தி வைத்தது. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து பேசினாள். வாராவாரம் பூபதியைக் கிருஷ்ணகிரிக்கு ஆலோசனைக்குக் கூட்டிவரச் சொன்னாள். வியாழக்கிழமைதோறும் லீவு போட்டு அவனோடு பஸ்ஸில் போனாள். ஜன்னல் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். கம்பெனி பஸ்ஸில் படம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் முதல் வாரம் மழுப்பினாள். ரேவதி கேட்டபோது மட்டும் உள்ளதைச் சொன்னாள். ரேவதி மறுநாளும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

பெரியதம்பி பேச ஒரு மாதம் ஆனது. ஒரு நாள் அவனே, "இந்த வியாழக்கெழம நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். போய்விட்டு வந்த அன்றைக்கு, தட்டைக் கழுவி வைத்தபடி, ஆலோசனை சொல்கிற அந்தம்மா தன்னிடமும் நிறையக் கேட்டதாகச் சொன்னான். என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை.

ஆறாவது வாரம் முனிரத்னம்மாவிடமிருந்து போன் வந்தது. நம்பரைப் பார்த்ததும் சத்யப்ரியா எழுந்து நின்றாள். "ஓட்ட மூடிடுச்சாம்க்கா" என்றாள் அவள். "மெல்லிசான சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியாத்தான் கேக்குதாம். அது அப்பிடியே இருந்தாலும் இருக்குமாம்." பிறகு போனை மகனிடம் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, போலீஸ்ல வேண்டாம்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றான் மாதேஷ். "ஆனா அவன் என் ஸ்கூல்ல இருக்கக் கூடாது. நான் அவன மன்னிக்கல. அதையும் சொல்லிருங்க."

"சொல்றேம்ப்பா" என்றாள். "எதையும் மாத்தாம சொல்றேன்."

சொன்னாள். பூபதி தலையைக் குனிந்து கேட்டான். சாப்பிடாமல் படுத்தான். காலையில், "நான் அவன்கிட்டப் பேசலாமா?" என்று கேட்டான். "அவனா கூப்பிட்டாப் பேசு. நீயாப் போகக் கூடாது" என்றாள். மாதேஷ் கூப்பிடவில்லை.

டீசி வாங்கினார்கள். இரண்டு பள்ளிகளில், பழைய பள்ளி எழுதிக்கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு இடமில்லை என்றார்கள். மூன்றாவதாக, பாகலூர் ரோட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை பூபதியைத் தனியாக அரைமணி நேரம் வைத்துப் பேசிவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் சத்யப்ரியாதான் கூட வந்தாள். கேட் அருகே அவன் நின்றுவிட்டான். உள்ளே அவன் வயதுப் பையன்கள் கூட்டமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் வருசத்துக்கு நடுவுல வந்தன்னு கேப்பாங்கம்மா. என்ன சொல்றது?"

அப்பாவுக்கு வேலை மாறிவிட்டது என்று சொல் என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. "ஒருத்தன அடிச்சேன், அதான்னு சொல்லு" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவன் அவனிடம் ஏதோ கேட்டான். பூபதியின் வாய் அசைந்தது. என்ன சொன்னான் என்று இவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குக் கேட்கவில்லை. மணி அடித்து, எல்லாரும் வரிசையில் நின்று, மைதானம் காலியாகும்வரை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.